வண்டி நம்மளது, டிரைவர் யாரோடது?

"டிரைவர் கிடைக்கலை, டிரைவர் கிடைக்கலை"ன்னு மூணு வாரமா வீட்டுக்குள்ள புலம்பிக்கிட்டே திரிஞ்சேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தங்கமணி ஒரு நாள் கேட்டாங்க: "ஏங்க, நமக்குக் காரே கிடையாது. எதுக்கு டிரைவர் தேடுறீங்க?"

நியாயமான கேள்விதான். கணினியில டிரைவர்னா என்னன்னு விளக்கப் போனேன். பாதியிலேயே "அடுப்புல பால் இருக்கு"ன்னு எழுந்து போயிட்டாங்க. அவங்ககிட்ட முடிக்காத விளக்கத்தை உங்ககிட்ட முடிக்கலாம்னு இந்தப் பதிவு. உங்க வீட்டு அடுப்புல பால் இருந்தா இப்பவே இறக்கி வச்சுடுங்க, கொஞ்சம் நீளமாப் போகும் :-)

கதை ஒரு பழைய நெட்புக்கில் ஆரம்பிக்குது. 2009ல வாங்கினது. ஆட்டம் என்270 பிராசசர், 1 ஜிபி நினைவகம், பத்து அங்குலத் திரை. வாங்கும்போது எக்ஸ்பி போட்டு வந்துச்சு. 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோட மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியைக் கைகழுவினாங்க. சரின்னு லினக்ஸ் போட்டேன், சில வருஷம் ஓடுச்சு. ஆனா இந்த என்270 ஒரு 32 பிட் பிராசசர். ஒவ்வொரு லினக்ஸ் வெளியீட்டுக்காரரா "32 பிட்டுக்கு இனி கிடையாது"ன்னு கடையைச் சாத்திக்கிட்டே வந்தாங்க. பழசைக் கைவிடாத டெபியனே 2025 ஆகஸ்ட்ல வந்த 13ஆம் பதிப்புல 32 பிட் பிசிக்கான நிறுவியை நிறுத்திட்டாங்க.

நெட்புக்குக்கு ஒரு குறையும் இல்லை. திரை நல்லா இருக்கு. கீபோர்டுல ஒரு பொத்தான் கூடத் தேயலை. அக்கா பொண்ணு லீவுக்கு வந்தப்ப, "மாமா, இதை நான் எடுத்துக்கவா? தட்டச்சு பழகணும்"னு கேட்டா. "இதுல ஒண்ணும் ஓடாதும்மா"ன்னு சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. ஓடுற பொருளை ஓடாதுன்னு சொல்றது பொய்தானே?

அப்பதான் ஹைக்கூ ஞாபகம் வந்துச்சு. மூணு வரிக் கவிதை இல்லைங்க, இயங்குதளம். தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன வரலாறு. ஆப்பிள்ல இருந்து வெளிய வந்த ழான்-லூயி கஸே 1990ல பீ-ன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். அவங்க செஞ்ச பீஓஎஸ் அந்தக் காலத்துக்கு அசாத்திய வேகம். ஆனா சந்தையில நிக்க முடியலை. 2001ல பாம் கம்பெனி பீயோட சொத்துகளை வாங்கினதோட பீஓஎஸ் கதை முடிஞ்சுது. அதே வருஷம் அதோட ரசிகர்கள் சிலர் சேர்ந்து, அதே மாதிரி ஒண்ணைத் திறந்த மூலமா முதல்ல இருந்து எழுதுவோம்னு கிளம்பினாங்க. 2004ல அதுக்கு ஹைக்கூன்னு பேர் வச்சாங்க. முதல் ஆல்ஃபா 2009ல, முதல் பீட்டா 2018ல, ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பர்ல. அவசரமே இல்லாத ஆளுங்க. முக்கியமான விஷயம், 32 பிட்டுக்கும் வெளியிடுறாங்க.

போட்டுப் பார்த்தேன். பதினாறு வயசு நெட்புக் பள்ளிக்கூடப் பையன் மாதிரி துள்ளிக்கிட்டு எழுந்துச்சு. சன்னல் திறந்தா உடனே திறக்குது. கேபிள் சொருகினா நெட் வருது. வைஃபை மட்டும் இல்லை. அப்படி ஒரு சாதனம் இருக்குற அடையாளமே அதுக்குத் தெரியலை. பொண்ணு வீட்டுல கேபிள் கிடையாது, வைஃபை மட்டும்தான். ஆக, எல்லாம் இருந்தும் ஒண்ணும் இல்லை.

இங்கதான் டிரைவர் வருது.

உங்க வைஃபை கார்டு ஒரு சின்ன கணினி. அதுக்குள்ள நூத்துக்கணக்கான ரெஜிஸ்டர்கள், அதாவது எண்ணிட்ட சின்னச் சின்ன பெட்டிகள். "இந்தப் பெட்டியில இந்த எண்ணை எழுது, அலைவரிசை மாறும். அந்தப் பெட்டியைப் படி, பாக்கெட் வந்திருக்கான்னு தெரியும்." இந்த ரகசியமெல்லாம் தெரிஞ்ச மென்பொருள்தான் டிரைவர். இயங்குதளத்துக்குப் பொதுவாத்தான் பேசத் தெரியும்: "இந்தப் பாக்கெட்டை அனுப்பு." அதை அந்தக் கார்டோட குறிப்பிட்ட பாஷையில சொல்றது டிரைவரோட வேலை.

சிக்கல் என்னன்னா, டிரைவர் ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒரு கை கார்டைப் பிடிச்சிருக்கும், இன்னொரு கை இயங்குதளத்தைப் பிடிச்சிருக்கும். லினக்ஸ் டிரைவர் லினக்ஸோட கையைத்தான் பிடிக்கும். அதை அப்படியே தூக்கி ஹைக்கூவுல போட்டா, இருட்டுல கையை நீட்டித் துழாவிக்கிட்டு நிக்கும்.

அப்ப ஒரு சின்ன இயங்குதளம் என்ன செய்யலாம்? வழி மூணுதான்.

முதல் வழி, எல்லா டிரைவரையும் தானே எழுதுறது. கேட்க வீரமா இருக்கு. ஆனா சந்தையில இருக்குற வைஃபை சில்லுகளை நினைச்சுப் பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் வருஷக்கணக்கான வேலை. பெரும்பாலும் கம்பெனிக்காரங்க ஆவணம் தர மாட்டாங்க. விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்களை வச்சுக்கிட்டு இந்தப் பந்தயத்துல ஜெயிக்க முடியாது. பீஓஎஸ் காலத்துல இதுதான் நிலைமை. எந்தக் கார்டு வேலை செய்யும்னு பட்டியலைப் பார்த்துட்டுத்தான் கார்டே வாங்கணும்.

ரெண்டாவது வழி, இன்னொரு இயங்குதளத்தோட டிரைவரை எடுத்து, வரிக்கு வரி மாத்தி நம்ம பாஷைக்குக் கொண்டு வர்றது. ஒரு தடவை செஞ்சா நல்லா ஓடும். ஆனா மூலத்துல ஒரு பிழையைத் திருத்தினாங்கன்னா? புதுசா நாலு சில்லு சேர்த்தாங்கன்னா? நம்ம பிரதி அதே இடத்துல உறைஞ்சு நிக்கும். மறுபடி முதல்ல இருந்து மாத்தணும். ரெண்டு வருஷத்துல யாருக்கும் பொறுமை இருக்காது.

மூணாவது வழி, டிரைவரைத் தொடவே தொடாதே. நடுவுல ஒரு துபாஷியை வை.

துபாஷின்னா தெரியுமில்லையா? பிரெஞ்சுக்காரங்க, இங்கிலீஷ்காரங்க காலத்துல புதுச்சேரியிலயும் சென்னப்பட்டணத்துலயும் ரெண்டு பாஷை தெரிஞ்சு நடுவுல நின்ன ஆளுங்க. ஆனந்தரங்கப் பிள்ளை அப்படி ஒருத்தர். துரைக்குத் தமிழ் தெரிய வேண்டாம், நெசவாளிக்குப் பிரெஞ்சு தெரிய வேண்டாம். வியாபாரம் நடக்கும்.

ஹைக்கூ செய்யறது இதைத்தான். ஃப்ரீபிஎஸ்டியோட நெட்வொர்க் டிரைவர்களை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கிட்டு, நடுவுல ஒரு அடுக்கு வைக்கிறாங்க. டிரைவர் ஃப்ரீபிஎஸ்டி பாணியில "எனக்கு நினைவகம் கொடு", "டைமர் வை", "பூட்டு போடு"ன்னு கேட்கும். அந்த அடுக்கு ஃப்ரீபிஎஸ்டி மாதிரியே தலையாட்டிட்டு, உள்ளுக்குள்ள அதை ஹைக்கூவோட வசதிகளை வச்சு நிறைவேத்திக் கொடுக்கும். பாக்கெட் வந்தா டிரைவர் அதை ஃப்ரீபிஎஸ்டியோட எம்பஃப்-ங்கிற பொட்டலத்துல கட்டித் தரும். அடுக்கு அதைப் பிரிச்சு ஹைக்கூவுக்குக் கொடுக்கும். தான் ஊர் மாறி வந்ததே டிரைவருக்குத் தெரியாது. 2007 வாக்கில ஆரம்பிச்ச வேலை இது. 2010ல வந்த ரெண்டாவது ஆல்ஃபாவுல வைஃபையும் இந்த வழியாத்தான் வந்துச்சு. 2022 டிசம்பர்ல வந்த நாலாவது பீட்டாவுல ஓபன்பிஎஸ்டி டிரைவர்களுக்கும் இதே மாதிரி துபாஷி வச்சுட்டாங்க.

"இதெல்லாம் ஓசி சவாரி"ன்னு சிலர் கிண்டல் பண்றதைக் கேட்டிருக்கேன். அவங்களுக்கு ஒரு செய்தி: ஃப்ரீபிஎஸ்டியே கிராபிக்ஸ் டிரைவர்களை லினக்ஸ்ல இருந்துதான் இதே மாதிரி அடுக்கு வச்சு வாங்குது. இன்டெல்லோட புது வைஃபை சில்லுகளுக்கும் 2022ல இருந்து அதே வழி. யூட்டா பல்கலைக்கழகத்துல ஓஎஸ்கிட்-ன்னு ஒண்ணு செஞ்சு 1997லேயே லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி டிரைவர்களைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாங்க. பெரியவங்களே கைமாத்து வாங்குற ஊர்ல சின்னவங்க வாங்கினா மட்டும் கேவலமா?

சரி, என் நெட்புக்குக்கு வர்றேன்.

ஒவ்வொரு பிசிஐ சாதனத்துக்கும் ரெண்டு அடையாள எண் உண்டு. ஒண்ணு கம்பெனிக்கு, இன்னொண்ணு பொருளுக்கு. (இன்டெல்லோட கம்பெனி எண் 8086. 1978ல அவங்க விட்ட சில்லோட பேரையே எண்ணா வச்சுக்கிட்டாங்க. பொறியாளர் குசும்பு.) டிரைவருக்குள்ள ஒரு பட்டியல் இருக்கும். சாதனத்தோட எண் அதுல இருந்தாத்தான் "இது நம்ம ஆளு"ன்னு டிரைவர் எடுத்துக்கும். என் கார்டோட எண்ணைத் தேடினேன். ஹைக்கூவுல இருந்த டிரைவர் பட்டியல்ல இல்லை. அதே டிரைவரோட புது ஃப்ரீபிஎஸ்டி பதிப்புல இருந்துச்சு. அவ்வளவுதானே! அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து இங்க ஒட்டி, கம்பைல் பண்ணி, போட்டேன்.

கார்டு தெரிஞ்சுது! அடுத்த நொடி கெர்னல் விழுந்துச்சு.

பட்டியல்ல பேர் சேர்த்துட்டா போதுமா? அந்தச் சில்லை எழுப்புற முறையே புது பதிப்புலதான் எழுதியிருக்காங்க. பழைய டிரைவர் பழைய சில்லுன்னு நினைச்சு இல்லாத பெட்டியில கையை விட்டிருக்கு. ஹைக்கூவுல வேலை செய்ற ஒருத்தர்கிட்ட கேட்டப்ப பொறுமையா சொன்னார்: "ஒரு வரியைப் பொறுக்காதீங்க. முழு டிரைவரையும் புது பதிப்புக்கு ஏத்துங்க. மூலத்தை எவ்வளவு குறைவாத் தொடுறீங்களோ அவ்வளவு நல்லது."

சரின்னு புது டிரைவர் கோப்புகளை எடுத்து, பழசு மேலேயே அப்படியே நகலெடுத்துப் போட்டேன். அடுக்கு பக்கம் ரெண்டு மூணு குறை இருந்துச்சு, அதையும் சரி பண்ணினேன். கார்டு தெரிஞ்சுது. கெர்னல் விழலை. ஆனா ஒரு வைஃபை கூடக் கண்ணுக்குத் தெரியலை. பக்கத்து வீட்டு வைஃபை, எதிர்வீட்டு வைஃபை, என் தலைக்கு மேல இருக்குற என் சொந்த வைஃபை, எதுவுமே இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. கார்டு தியானத்துல உட்கார்ந்த மாதிரி அமைதி.

மூணு வாரம்னு சொன்னேனே, அது இதுதான். ஆன்டெனா கேபிள் கழண்டிருக்கான்னு நெட்புக்கைப் பிரிச்சேன். ஃபர்ம்வேர் கோப்பைச் சந்தேகப்பட்டேன். ஃப்ரீபிஎஸ்டியையே ஒரு பென்டிரைவ்ல போட்டுப் பார்த்தேன். அங்க அழகா வேலை செஞ்சுது. அப்ப கார்டு நல்லா இருக்கு, டிரைவரும் நல்லா இருக்கு. தப்பு நடுவுல.

காரணத்தைச் சொல்றேன், இதுதான் இந்தப் பதிவோட உயிர்.

பாக்கெட் வந்தா கார்டு மணி அடிக்கும், அதாவது இன்டரப்ட். ஒரே மணிக்கயிறை ரெண்டு மூணு சாதனம் பங்கு போட்டுக்கலாம். அதனால மணி அடிச்சதும் ஹைக்கூ பக்கத்து ஒட்டுக்கோப்பு முதல்ல கார்டோட நிலைமைப் பெட்டியைப் படிச்சு, "அடிச்சது நீயா?"ன்னு கேட்கும். ஆமான்னா மணியை நிறுத்தி வச்சுட்டு, நிஜமான வேலையைத் தனியா ஒரு த்ரெட்டுக்கு அனுப்பும். அங்க டிரைவர் அதே நிலைமைப் பெட்டியைப் படிச்சு, "ஓ, பாக்கெட் வந்திருக்கு"ன்னு வேலையை ஆரம்பிக்கும்.

இதுல ஒரு வில்லங்கம். சில சில்லுகள்ல அந்தப் பெட்டியைப் படிச்ச உடனே அதுல இருக்குறது அழிஞ்சுடும். வாசல்ல எழுதி வச்ச சேதியை வாட்ச்மேன் படிச்சுட்டு அழிச்சுட்டா, வீட்டுக்காரர் வந்து பார்க்கும்போது பலகை காலி. "சேதி ஒண்ணும் இல்லை போல"ன்னு அவர் திரும்பிப் போயிடுவார். என் கார்டுல நடந்தது அதேதான். துபாஷி படிச்சுட்டார், பலகை அழிஞ்சுது, டிரைவர் வந்து பார்த்தா சுழியம். பாக்கெட்டுகள் வந்துக்கிட்டேதான் இருந்திருக்கு. எடுக்கத்தான் ஆள் இல்லை.

இதுக்கு மருந்து சுலபம். வாட்ச்மேன் படிச்சதை ஒரு சீட்டுல எழுதி வைக்கணும், டிரைவர் பலகைக்குப் பதிலா அந்தச் சீட்டைப் பார்க்கணும். இந்த மருந்தை ஹைக்கூக்காரங்க எப்பவோ போட்டுட்டாங்க. ஃப்ரீபிஎஸ்டி கோப்புக்குள்ளேயே, "இது ஹைக்கூவுக்கு மட்டும்"னு அடையாளம் போட்டு, மூணு வரி. சீட்டைப் பார்னு சொல்ற மூணு வரி.

அந்த மூணு வரியை அழிச்ச மகானுபாவன் நான்தான். புதுக் கோப்பைப் பழசு மேல நகலெடுத்தப்ப போயிருக்கு.

பல ஆயிரம் வரி வேற யாரோ எழுதினது. அதை வாங்கிக்க எனக்குத் தெரிஞ்சுது. இந்த ஊர் ஆளு யாரோ ராத்திரி கண்விழிச்சுக் கண்டுபிடிச்ச மூணு வரி, அதைப் பார்க்கத் தெரியலை. திரும்பப் போட்டேன். கம்பைல் பண்ணி, ரீபூட் பண்ணி, பட்டியலைத் திறந்தேன். எதிர்வீட்டு வைஃபை முதல்ல வந்துச்சு. என் வாழ்க்கையிலேயே எதிர்வீட்டுக்காரரைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்னிக்குத்தான் :-)

இனி என் கட்சியைச் சொல்லிடறேன்.

டிரைவரைப் பெயர்த்துக் கொண்டு வர்றது ரெண்டாந்தர வேலைன்னு ஒரு எண்ணம் இருக்கு. "புதுசா எழுதினவன் படைப்பாளி, பெயர்த்தவன் எடுபிடி"ங்கிற மாதிரி. நான் இதை ஒத்துக்க மாட்டேன். புதுசா எழுதும்போது தெரியாததைத் தள்ளி வச்சுட்டு எழுதலாம். பெயர்க்கும்போது ரெண்டு ஊர் வழக்கமும் தெரிஞ்சிருக்கணும், எங்க தொடணும், எங்க தொடக்கூடாதுன்னும் தெரிஞ்சிருக்கணும். தொடாம இருக்குறதுதான் கஷ்டம். அடுத்தவன் கோப்பைத் திறந்தா "இதை இன்னும் அழகா எழுதலாமே"ன்னு கை அரிக்கும். அரிச்சாலும் அடக்கணும். நீங்க அழகுபடுத்தின ஒவ்வொரு வரியும் அடுத்த பதிப்பை ஏத்த வர்றவனுக்கு ஒரு முள்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. நடுவுல ஆள் இருந்தா கமிஷன் போகும். பாக்கெட்டை ஒரு பொட்டலத்துல இருந்து இன்னொண்ணுக்கு நகலெடுக்கணும், அது நேரம். ஒரு பிழை வந்தா ரெண்டு ஊர் மூளையோட யோசிக்கணும், நான் மூணு வாரம் யோசிச்ச மாதிரி. மூலத்துக்காரங்க ஒரு டிரைவரைக் கைவிட்டா நமக்கும் போச்சு. எல்லாத்துக்கும் இந்த வைத்தியம் பலிக்கவும் பலிக்காது. கிராபிக்ஸ் டிரைவர் கெர்னலோட பல பாகங்கள்ல வேர் விட்டிருக்கும், வெறும் துபாஷியால சமாளிக்க முடியாது. ஐந்தாவது பீட்டாவுல கூட ஹைக்கூவுல 3டி வேகத்தை கிராபிக்ஸ் கார்டு தர்றதில்லை, பிராசசர்தான் மாடா உழைக்குது. இதெல்லாம் உண்மை. ஆனா இதுக்கு மாற்று என்ன? மெதுவான வைஃபையா, வைஃபையே இல்லாததான்னு கேட்டா, மெதுவானது போதும்னுதான் நான் சொல்வேன்.

"அப்ப ஏன் லினக்ஸ்ல இருந்து எடுக்கலை? அங்கதானே எல்லாக் கார்டுக்கும் டிரைவர் இருக்கு?"ன்னு கேட்பீங்க. ரெண்டு காரணம். ஒண்ணு, லினக்ஸ் கெர்னலுக்குள்ள இருக்குற இணைப்புகள் நிலையா இருக்காது. மாத்திக்கிட்டே இருப்போம்னு அவங்க கொள்கையாவே எழுதி வச்சிருக்காங்க. ஓடுற பஸ்ல ஏறுற கதை. ரெண்டாவது, லைசென்ஸ். லினக்ஸ் ஜிபிஎல், ஹைக்கூ எம்ஐடி. ஜிபிஎல் நிரலைக் கெர்னலுக்குள்ள சேர்த்தா அந்தக் கூட்டுப் பொருளை ஜிபிஎல் நிபந்தனைப்படிதான் விநியோகிக்க முடியும். பிஎஸ்டிக்காரங்க நிரலை எடுத்தா, எழுதினவர் பேரையும் உரிமத்தையும் அப்படியே வச்சிருந்தா போதும்.

அந்தச் சின்ன மரியாதையைக் கூட மறந்தா என்ன ஆகும்னு 2007ல பார்த்தோம். ஏதெரோஸ் வைஃபை சில்லுக்கு முதல்ல முழுசாத் திறந்த டிரைவர் கிடையாது. ஓபன்பிஎஸ்டியைச் சேர்ந்த ரெய்க் ஃப்ளோட்டர், ஆவணம் இல்லாம அந்தச் சில்லோட நடத்தையைத் துருவித் துருவி ஒண்ணு எழுதினார். தாராளமான உரிமத்தோட கொடுத்தார். அதை லினக்ஸுக்குக் கொண்டு போனவங்கள்ல சிலர், அவரோட உரிம வாசகத்தை எடுத்துட்டு ஜிபிஎல் போட்டு ஒரு மாற்றத்தை அனுப்பினாங்க. பெரிய ரகளை ஆச்சு. கடைசியில அவரோட உரிமம் திரும்ப வந்துச்சு, டிரைவரும் 2008ல லினக்ஸ்ல சேர்ந்துச்சு. யார் பக்கம் எவ்வளவு நியாயம்னு இன்னும் சண்டை போடுறவங்க இருக்காங்க. எனக்கு அதுல ஒண்ணுதான் தெரியுது: கைமாத்து வாங்குறவன் முதல்ல காப்பாத்த வேண்டியது கொடுத்தவன் பேரை. என் மூணு வரி கதையும் அதுக்குச் சித்தப்பன் மகன்தான். அடுத்தவன் போட்ட அடையாளத்தைக் கவனிக்காத தப்பு.

கடைசியா, இந்த எல்லாத்துக்கும் மேல இருக்குற முதலாளி. சில்லு செய்றவங்க.

இவ்வளவு பேர் இவ்வளவு ராத்திரி கண்விழிச்சது எதுக்கு? எந்தப் பெட்டியில எந்த எண்ணை எழுதணும்னு தெரிஞ்சுக்க. அது செஞ்சவங்களுக்குத் தெரியும். எழுதி வச்ச ஆவணம் அவங்க அலமாரியில இருக்கு. பிராட்காமோட சில பழைய வைஃபை சில்லுகளுக்கு ஃபர்ம்வேரை மத்தவங்க விநியோகிக்க அனுமதி இல்லாததால, கம்பெனி விட்ட டிரைவர் கோப்புக்குள்ள இருந்து அதை வெட்டி எடுக்கன்னே தனியா ஒரு கருவி எழுதி லினக்ஸ்காரங்க பிழைச்சாங்க. நாம காசு கொடுத்து வாங்கின சில்லை எழுப்ப, கத்தரிக்கோலோட அலையணும்!

மாற்றம் வராம இல்லை. இன்டெல் தன்னோட வைஃபை ஃபர்ம்வேரை மத்தவங்க விநியோகிக்க அனுமதிக்குது. ஏதெரோஸ் 2008ல தன் சில்லுகளோட பூட்டி வச்ச பகுதியை மூலநிரலாவே வெளியிட்டுச்சு. 2012ல லினஸ் டோர்வால்ட்ஸ்கிட்ட மேடையிலேயே கெட்ட வார்த்தையில திட்டு வாங்கின என்விடியா கூட 2022ல கெர்னல் பகுதி டிரைவர்களை எம்ஐடி, ஜிபிஎல் ரெண்டு உரிமத்துலயும் திறந்து விட்டாங்க. பெரும்பகுதி சமாச்சாரத்தைக் கார்டுக்குள்ள ஓடுற மூடின ஃபர்ம்வேருக்குத் தள்ளிட்டுத்தான் திறந்தாங்கங்கிறது வேற விஷயம். ஆனாலும் கதவு கொஞ்சம் திறந்திருக்கு.

நான் கேட்கிறது தர்மம் இல்லை. எங்க இயங்குதளத்துக்கு டிரைவர் எழுதிக் கொடுங்கன்னு எந்தக் கம்பெனியையும் கேட்கலை. கொஞ்சம் பேர் மட்டும் உபயோகிக்கிறதுக்கு அவங்க ஏன் எழுதணும்? ஒரு இடத்துக்கு, ஒரே ஒரு இடத்துக்கு, ஒழுங்கான டிரைவரைத் திறந்த உரிமத்துல கொடுத்தாப் போதும். மீதி ஊர்களுக்கு நாங்களே சுமந்துட்டுப் போயிடுவோம். விற்கிறதை நிறுத்தின பொருளுக்காவது ஆவணத்தை வெளியிடலாம். அதுல என்ன வியாபார ரகசியம் மிச்சம் இருக்கப் போகுது?

ஏன்னா, கணினி பெரும்பாலும் உடைஞ்சு சாகிறதில்லை. "இதுக்கு டிரைவர் இல்லை"ங்கிற ஒரு வாக்கியத்துல சாகுது. நல்ல திரை, நல்ல கீபோர்டு, நல்ல சில்லு எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்காகக் குப்பைக்குப் போகுது. விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சப்பவும் எத்தனை நல்ல கணினிகள் பரண்ல ஏறியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ஒரு பொருள் நம்மளதா இல்லையான்னு கண்டுபிடிக்க நான் இப்ப வச்சிருக்குற சோதனை இதுதான்: செஞ்சவன் கைவிட்ட பிறகு, எவனாவது ஒருத்தன் அதைத் தூக்கிக்கிட்டு வேற ஊருக்குக் குடிபோக முடியுமா? முடிஞ்சா நம்மளது. இல்லைன்னா, காசு கொடுத்து வாடகைக்கு இருக்கோம்.

அக்கா பொண்ணு போன வாரம் நெட்புக்கை வாங்கிட்டுப் போனா. ரெண்டு நாள் கழிச்சு போன்: "மாமா, வைஃபை நல்லா வருது. ஆனா பாட்டு கேட்டா ஹெட்ஃபோன்ல மட்டும் சத்தமே வரலை."

தங்கமணி பக்கத்துல இருந்தாங்க. என் முகத்தைப் பார்த்தாங்க. "மறுபடியும் டிரைவரா?"ன்னாங்க.

அடுப்புல பால் வைக்கச் சொல்லியிருக்கேன். ராத்திரி நீளமாப் போகும் போல.

பி.கு.: யாராவது டிரைவரைப் புது பதிப்புக்கு ஏத்தப் போறீங்கன்னா, நகலெடுக்கிறதுக்கு முன்னாடி பழசுக்கும் அதோட மூலத்துக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு தடவை பார்த்துடுங்க. அந்த வித்தியாசத்துலதான் உங்களுக்கு முன்னாடி வந்தவரோட மூணு வாரம் இருக்கும்.